புடு சிறை வாசலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை தொடங்கினால் தமிழ்ப்பள்ளிகளும் இளைஞர் மன்றங்களும் பேருந்து பிடித்துக் கோலாலம்பூர் வருவது வழக்கம். பத்துமலை, இரட்டைக் கோபுரம், தேசிய அருங்காட்சியகம் என்று போகும் அந்தப் பட்டியலில் ஜாலான் ஹாங் துவாவில், இடிக்கப்பட்ட புடு சிறையின் மிச்சமாக நிற்கும் வாசலையும் சிலர் சேர்த்துக்கொள்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் பத்து நிமிடம் நின்று, நாலு படம் எடுத்து, பின்னாலிருக்கும் பேரங்காடிக்குள் புகுந்துவிட்டால் பிள்ளைகள் பார்த்தது ஒரு பழைய வளைவை மட்டும்தான். சிறையே இல்லாத இடத்தில் சிறையைப் பார்க்க முன்னேற்பாடு வேண்டும். அதை எப்படிச் செய்வது, எங்கே தவறிப்போகிறது என்பதைக் குழுக்களை அழைத்துவரும் ஆசிரியர்களும் பொறுப்பாளர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றே இந்தக் கடிதம்.

முதலில் சுருக்கமாக வரலாறு. சிறையின் கட்டுமானம் 1891இல் மதிலில் இருந்து தொடங்கியது. அந்த மதிலின் நீளம் 394 மீட்டர். பள்ளித் திடலில் நாம் போடும் 400 மீட்டர் ஓட்டப்பாதையின் ஒரு சுற்றுக்குச் சற்றே குறைவு. கட்டிட வேலை 1895இல் முடிந்தது. சிலாங்கூர் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக இருந்த ஸ்பூனர் காலத்து வேலை இது. கட்டியவர்களில் கைதிகளும் உண்டு. நூறாண்டு கழித்து, 1996 நவம்பரில், கைதிகளைச் சுங்கை பூலோவுக்கும் காஜாங்குக்கும் மாற்றிவிட்டுச் சிறையை மூடினார்கள். 1997இல் கொஞ்ச காலம் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பிறகு தடுப்புக்காவல் இடமாக ஒரு சுற்று பயன்பட்டது. 2010 ஜூனில் சாலையை அகலப்படுத்துவதற்காக கிழக்கு மதிலை இடித்தார்கள். 2012 இறுதிக்குள் மற்றவையும் போயின. இது பெருமைப்படத்தக்க மரபுச் சின்னம் அல்ல என்று அப்போது நாடாளுமன்றத்திலேயே துணையமைச்சர் ஒருவர் பதில் சொன்னார். 19.4 ஏக்கர் நிலத்தில் இன்று புக்கிட் பிந்தாங் சிட்டி சென்டர் இருக்கிறது. அதிலுள்ள லாலாபோர்ட் பேரங்காடி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. வாசலை மட்டும் விட்டுவைத்தார்கள்.

பெருமைப்படத்தக்கதை மட்டும்தான் பாதுகாக்க வேண்டும் என்றால் உலகத்தில் ஒரு சிறையும் மிஞ்சாது. சிங்கப்பூர் சாங்கி சிறையையும் 2004இல் இடித்தார்கள். ஆனால் அதன் நுழைவாயிலையும், 180 மீட்டர் மதிலையும், இரண்டு காவல் கூண்டுகளையும் வைத்துக்கொண்டு, 2016இல் அவற்றைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். சென்னை மத்தியச் சிறையின் கதை நம்முடையதைப் போன்றது: 1837இல் எழுந்தது, கைதிகள் புழலுக்குப் போன பிறகு 2009இல் சில நாள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டு, அதே ஆண்டு தரைமட்டமாக்கினார்கள். ஆக, இடிந்த சிறையைப் பார்ப்பது எப்படி என்ற கேள்வி கோலாலம்பூருக்கு மட்டும் உரியதல்ல.

விடை, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன் வகுப்பறையில் தொடங்குகிறது. கணினியில் கூகள் எர்த் மென்பொருளைத் திறந்து லாலாபோர்ட் என்று தேடுங்கள். மேலே கடிகாரப் படம் போட்ட பொத்தான் இருக்கும்; பழைய ஆண்டுகளின் வான்படங்களை அதுதான் காட்டும். அதை 2010க்கு முந்தைய ஆண்டுக்கு இழுத்தால், இன்று பேரங்காடிக் கூரை தெரியும் இடத்தில் பெருக்கல் குறி போல நான்கு கைகள் விரிந்த ஒரு கட்டிடம் தெரியும். அதுதான் சிறை. 2011, 2012 படங்களை எடுத்தால் பாதி இடிந்த நிலையில் குழப்பமாக இருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். திரையின் கோணத்தையும் உயரத்தையும் மாற்றாமல் பழைய படம் ஒன்று, இன்றைய படம் ஒன்று எனச் சேமித்து, இரண்டையும் ஒரே அளவில் ஏ4 தாளில் அச்சிடுங்கள். பழையதை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டால் இன்னும் நல்லது. இன்றைய படத்தின் மேல் வைத்தால் எந்தக் கடை எந்தச் சிறைக்கூடத்தின் மேல் நிற்கிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். கைப்பேசியில் இதைச் செய்யப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். சிறிய திரையில் கோணம் நகர்ந்துகொண்டே இருக்கும், இரண்டு படமும் ஒன்றோடொன்று பொருந்தாது.

அடுத்து, கட்டிடம் ஏன் அந்த வடிவில் இருந்தது என்பது. வாயால் விளக்கினால் பிள்ளைகளுக்கு ஏறாது. திடலில் நாற்பது பேரை நான்கு வரிசையாக, நடுவிலிருந்து நான்கு திசைக்கும் விரியும்படி நிறுத்துங்கள். ஒருவரை நடுவில் நிற்க வைத்து மெதுவாகச் சுற்றிவரச் சொல்லுங்கள். அவர் கண்ணுக்கு நான்கு வரிசையும் கடைசி ஆள் வரை தெரியும். ஒரு வரிசையில் இருப்பவருக்கோ பக்கத்து வரிசையின் கடைசியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. இடையில் சுவர் இருப்பதாக வைத்துக்கொண்டால் சுத்தமாகத் தெரியாது. குறைந்த காவலர்களை வைத்து நிறையப் பேரைக் காவல் காக்கவும், ஒரு பிரிவில் கிளம்பும் கலகம் அடுத்த பிரிவுக்குப் பரவாமல் தடுக்கவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ்காரர்கள் பல ஊர்களில் கையாண்ட திட்டம் இது. லண்டன் பென்டன்வில் சிறை 1842இல் திறக்கப்பட்ட பிறகு அதன் சாயல் அவர்கள் ஆட்சி போன இடமெல்லாம் போயிற்று. அந்தமானில் ஏழு கைகள், புடுவில் நான்கு.

சிறையறையின் அளவை உணர்த்த ஒரு கயிறு போதும். இதே திட்டத்தில் கட்டிய அந்தமான் செல்லுலார் சிறையின் அறையை அளவாகக் கொள்ளலாம்: 13.5 அடி நீளம், 7.5 அடி அகலம். காற்றுக்கான சிறு திறப்பு தரையிலிருந்து சுமார் 3 மீட்டர் உயரத்தில். நாலு பக்கமும் சேர்த்தால் 42 அடி. முடிச்சுக்கு ஓர் அடி கூட்டி 43 அடி கயிறு வாங்கி, 13.5, 21, 34.5 அடிகளில் சிவப்பு நாடா கட்டி வையுங்கள். நாலு பேர் மூலைக்கொருவராகப் பிடித்துக்கொண்டால் அறை தயார். இழுத்தால் நீளும் கயிறு வேண்டாம், அளவு மாறிவிடும். உள்ளே ஒரு பாய், ஒரு வாளி வைத்துவிட்டு மூன்று பேரை உட்காரச் சொல்லுங்கள். ஓர் ஆளுக்கென்று கட்டிய அறைகளில் பிற்காலத்தில் பலரைத் திணித்ததுதான் புடுவின் கடைசிப் பதிற்றாண்டுகளின் கதை. நெரிசல் என்றால் என்னவென்று அந்தக் கயிற்றுக்குள் ஐந்து நிமிடம் இருந்தாலே விளங்கிவிடும். இதைப் பள்ளியிலேயே முடித்துவிட வேண்டும். பேரங்காடி வளாகம் தனியார் இடம். அங்கே கயிறு விரிக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், வழியில் நடப்பவர்களுக்கும் இடைஞ்சல்.

இனிப் பயணம். இறங்க வேண்டிய நிலையம் ஹாங் துவா. இதில் வழி தவறுகிறவர்கள் பலர். சிறையின் பெயரைப் பார்த்துப் புடு எல்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கினால் ஒரு நிலையம் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். புடுராயா பேருந்து நிலையத்தை மனத்தில் வைத்துப் பிளாசா ராக்யாட்டில் இறங்கினால் ஒரு நிலையம் முன்னாலேயே இறங்கிவிட்டீர்கள். செந்தூல், தித்திவங்சா பக்கமிருந்து வருகிறவர்களுக்கு அம்பாங் தடமோ ஸ்ரீ பெட்டாலிங் தடமோ இரண்டும் நேராக ஹாங் துவாவுக்கு வரும், மாற வேண்டியதில்லை. கிள்ளான், ஷா ஆலாம் பக்கத்தார் கே.டி.எம். ரயிலில் கே.எல். சென்ட்ரல் வந்து, என்.யு. சென்ட்ரல் வழியாக நடந்து மோனோரயில் பிடித்தால், துன் சம்பந்தன், மகாராஜலேலா கடந்து மூன்றாவது நிலையம். மோனோரயில் பெட்டிகள் சிறியவை. நாற்பது பேர் ஒன்றாக ஏற முயன்றால் பாதிப் பேர் நடைமேடையில் நிற்பார்கள், பொறுப்பாசிரியர் உள்ளே போய்விடுவார். பதினைந்து பேருக்கு ஒரு பெரியவர் என்று பிரித்து, ஒவ்வொரு குழுவும் தனித்தனி ரயிலில் வந்து, ஹாங் துவாவில் டிக்கெட் தடுப்பைக் கடந்த பிறகு கூடுவது நல்லது. ஆளுக்கொரு டச் அண்ட் கோ அட்டை இருக்கட்டும். ஒரே அட்டையைத் தட்டி நாலு பேர் நுழைய முடியாது. அதைத் தடுப்புக்கு முன்னால் நின்று கண்டுபிடிக்க வேண்டாம்.

வாடகைப் பேருந்தில் வந்தே ஆக வேண்டும் என்றால், ஜாலான் ஹாங் துவாவில் ஓரங்கட்டி இறக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். நெரிசலான சாலை, சம்மனும் வரும். பேருந்தை எங்கே நிறுத்தி ஆட்களை இறக்கலாம் என்று வளாக நிர்வாகத்திடம் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக் குழுவென்றால் மாவட்டக் கல்வி இலாகாவின் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம் எல்லாம் வழக்கம்போல.

காலை எட்டரைக்கு வாசலில் இருப்பது உத்தமம். பத்தரைக்கு மேல் வெயில் ஏறிவிடும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடி மழைக்கு வாய்ப்பு அதிகம். பேரங்காடி திறப்பது பத்து மணிக்கு என்பதால் அதற்கு முன் கழிப்பறைக்கு அலையாமல் இருக்க, ரயில் ஏறுமுன்பே அந்த வேலையை முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் சுற்றுலா குலைவது பெரும்பாலும் இதில்தான்.

வாசலில் என்ன பார்ப்பது? சாலையோரம் என்பதால் முதலில் ஓர் எச்சரிக்கை: முழு வாசலையும் படத்துக்குள் கொண்டுவரப் பின்னோக்கி நடந்து சாலையில் கால் வைப்பவர்கள் உண்டு. ஒரு பெரியவர் சாலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே நிற்கட்டும். வேலி இருந்தால் தாண்ட வேண்டாம், சுவரைச் சுரண்டவும் வேண்டாம். வாசலின் உயரத்தைத் தொடாமலே அளக்கலாம். உயரம் தெரிந்த மாணவர் ஒருவரை வாசலுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக நிறுத்தி, தூரத்தில் இருந்து நேராக ஒரு படம் எடுங்கள். அச்செடுத்த பிறகு அளவுகோலால் மாணவரையும் வாசலையும் அளந்து வகுத்தால் உயரம் கிடைக்கும். மாணவர் வாசலைவிட்டு முன்னால் வந்து நின்றால் அவர் பெரிதாகத் தெரிவார், வாசல் குட்டையாகக் கணக்காகும். கைப்பேசியை மேல்நோக்கிச் சாய்த்தால் மேற்பகுதி குறுகிவிடும். எனவே தூரமாகப் போய், கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடிப்பது முக்கியம்.

அந்தக் காலச் சிறைகளில் நுழைவாயில் என்பது ஒரு கதவல்ல. வெளிக்கதவு, உள்கதவு என இரண்டு, நடுவில் ஓர் இடைவெளி. ஒன்றைப் பூட்டிய பிறகுதான் மற்றது திறக்கும். வண்டியோ ஆளோ நடுவில் நின்று சோதனை முடிந்த பின்னரே உள்ளே போக முடியும். நாம் இன்று ஒரு வளைவைப் பார்க்கும்போது, அது அந்த ஏற்பாட்டின் முன்முகம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிறகு சுவர். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய எந்தப் பழைய சுவரிலும் முழங்காலில் இருந்து இடுப்புயரம் வரை சாயம் கொப்பளித்து உதிர்ந்திருந்தால், தரையின் ஈரம் மேலே ஏறுகிறது என்று அர்த்தம். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டு பூசி ஒட்டுப்போட்டாலோ, நீர் புகாத சாயம் அடித்தாலோ ஈரம் உள்ளேயே தங்கும். அதோடு வந்த உப்பு வெளியே வரத் துடித்துப் பூச்சைத் தள்ளிவிடும். மழை அதிகமான நம் ஊரில் பழைய கட்டிடங்கள் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். உச்சியில் அரச மரக் கன்று முளைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பறவை எச்சத்தில் வரும் விதை அது. வேர் செங்கல் இடுக்கில் இறங்கிய பிறகு இழுத்துப் பிடுங்கினால் செங்கல்லும் சேர்ந்து வரும். மதில் நெடுக ஒரு கைதி வரைந்த வெப்பமண்டலக் காட்சிகள், மதில் நின்ற காலத்திலேயே மழையிலும் வாகனப் புகையிலும் மங்கிப் போயின. படங்களில்தான் இனி அவற்றைப் பார்க்கலாம்.

வாசலில் நின்று யாரைப் பற்றிப் பேசுவது என்பதில்தான் நம்மவர்கள் அதிகமாகச் சறுக்குகிறோம். கொள்ளைக்காரன் பொட்டாக் சின் 1981இல் தூக்கிலிடப்பட்டது, பார்லோ, சேம்பர்ஸ் என்ற இரு மேலைநாட்டார் போதைப்பொருள் வழக்கில் 1986 ஜூலை 7ஆம் தேதி தூக்கிலிடப்பட்டது, அதே ஆண்டு அக்டோபரில் கைதிகள் மருத்துவப் பணியாளர்களைப் பிணை பிடித்தது ஆகியவை எல்லா வழிகாட்டிகளும் சொல்லும் கதைகள், சொல்லிவிட்டுப் போகட்டும். 1942 ஜனவரி 11ஆம் தேதி கோலாலம்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தபின், ஸ்லிம் ரிவர் போன்ற இடங்களில் பிடிபட்ட நேச நாட்டுப் போர்வீரர்களை இங்கே அடைத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் அவர்களை வேறிடங்களுக்கு மாற்றினார்கள்; சிலர் போய்ச் சேர்ந்தது சயாம் ரயில் பாதைக்கு. நம் தோட்டங்களில் இருந்து அந்தப் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றிப் பேச இது இயல்பான இடம்.

ஆனால் தமிழ்ப் பிள்ளைகளிடம் முதலில் சொல்ல வேண்டிய பெயர் எஸ்.ஏ.கணபதி. தஞ்சைப் பகுதியில் பிறந்து சிறுவயதில் மலாயா வந்தவர். நேதாஜியின் இயக்கத்தில் இருந்தவர். போருக்குப் பிறகு அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். தோட்டத்திலும் துறைமுகத்திலும் வேலை செய்த எல்லா இனத் தொழிலாளர்களையும் ஓர் அமைப்பில் சேர்த்த சம்மேளனம் அது. 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது, சம்மேளனமும் தடைசெய்யப்பட்டது. அவசரகாலச் சட்டத்தின் கீழ் ஆயுதம் வைத்திருந்தாலே மரண தண்டனை என்றாயிற்று. 1949 மார்ச்சில் ராவாங் வாட்டர்ஃபால் தோட்டத்தருகே கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் கணபதி கைதானார். இந்திய அரசாங்கம் அவர் உயிரைக் காக்க முயன்றும் பயனில்லாமல், மே 4ஆம் தேதி இந்தச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். கைதிலிருந்து தூக்குவரை மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முந்திய நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக்கொல்லப்பட்டார். கணபதியின் அரசியலை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். கோவைச் சிறையில் வ.உ.சி. செக்கிழுத்ததை மேடைக்கு மேடை பேசும் நம் பிள்ளைகளுக்கு, ரயிலேறிப் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் நடந்த இது தெரியாமல் இருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

மரண தண்டனை பற்றிப் பேசும்போது சட்டத்தின் இன்றைய நிலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்டாய மரண தண்டனையை நீக்கும் சட்டம் 2023 ஜூலை 4ஆம் தேதி நடப்புக்கு வந்தது. மரண தண்டனை முற்றாகப் போகவில்லை. நீதிபதிக்கு வேறு தண்டனை கொடுக்கும் உரிமை வந்திருக்கிறது. பழைய செய்தித்தாளை மட்டும் படித்துவிட்டு வரும் வழிகாட்டிகள் இதைத் தவறாகவே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

தூக்கு எப்படி நிறைவேற்றப்பட்டது என்ற விவரம் ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேவையே இல்லை. அவர்களுக்குக் கயிற்று அறையும் நான்கு கை வடிவமும் போதும். இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் தண்டனையைப் பற்றிப் பேசலாம், ஆனால் பேய்க்கதை வேண்டாம். இந்தச் சிறையைப் பற்றி இணையத்தில் கிடைப்பதில் பாதி பேய்க்கதைதான். அதை ஆரம்பித்துவிட்டால் பிறகு பிள்ளைகள் எதையும் கேட்கமாட்டார்கள். கையில் விலங்கு மாட்டியதுபோல் பாவனை காட்டிப் படம் எடுப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். தூக்கிலிடப்பட்டவர்களின் குடும்பங்கள் இதே நகரத்தில் வாழ்கின்றன. இன்னொன்றையும் ஆசிரியர்கள் நினைவில் வைக்க வேண்டும்: உங்கள் குழுவிலேயே அப்பாவோ அண்ணனோ சிறையில் இருக்கும் பிள்ளை இருக்கக்கூடும். "ஜெயிலுக்குப் போனவங்க யாரையாவது தெரியுமா?" என்று விளையாட்டாகக்கூடக் கேட்காதீர்கள். கைதிகளைப் பொதுவாகக் கெட்டவர்கள் என்று ஒரே சொல்லில் முடிக்கவும் வேண்டாம்.

மேற்கொண்டு படிக்க விரும்புவோருக்கு இரண்டு வழி. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் செய்தித்தாள் காப்பகம் இணையத்தில் இலவசம். 1949 ஏப்ரல், மே மாதங்களைத் தேர்ந்தெடுத்துக் கணபதி பெயரைத் தேடினால் அன்றைய ஆங்கிலச் செய்திகள் வரும். சிறையைத் தேடும்போது இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டல் உதவாது. அன்று ஜி, ஏ, ஓ, எல் என்றே அச்சிட்டார்கள். தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கேயே உண்டு. அவற்றைச் சொல் போட்டுத் தேடுவதைவிட நாள் வாரியாகப் புரட்டுவதே பலன் தரும். இரண்டாவது, கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகம். சிலாங்கூர் செயலகக் கோப்புகள் அங்கே இருக்கின்றன. அடையாள அட்டையோடு போய் ஆய்வாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். கோப்பு எண்ணை முன்னரே இணையத்தில் தேடிக் குறித்துக்கொண்டு போனால் அரை நாள் மிச்சம்.

உள்ளே நுழைந்து பார்க்கும்படியான பழைய சிறை வேண்டும் என்போருக்கு மலாக்கா பண்டா ஹிலிரில் பழைய சிறைக் கட்டிடத்தில் சிறைத்துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. புறப்படுமுன் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் தொலைபேசியில் உறுதி செய்துகொள்ளுங்கள். பினாங்கு ஜாலான் பெஞ்சாராவில் உள்ள 1849ஆம் ஆண்டுச் சிறையும், 1879இல் வந்த தைப்பிங் சிறையும் பழமையானவைதான், ஆனால் இன்னும் இயங்குபவை. சுற்றுலா இடம் என்று நினைத்து மதிலருகே கைப்பேசியை உயர்த்தாதீர்கள். துப்பாக்கி ஏந்திய காவலர் படம் போட்ட சிவப்புப் பலகை இருந்தால் அது தடை செய்யப்பட்ட பகுதி, படம் எடுப்பது குற்றம்.

பினாங்கு நண்பர்கள் ஜாலான் பெஞ்சாராவைக் காட்டிச் சின்ன மருதுவின் மகன் துரைசாமி இங்கேதான் அடைபட்டிருந்தார் என்று சொல்வது உண்டு. அது பொருந்தாது. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24ஆம் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டபின், துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்களை 1802 பிப்ரவரி 11ஆம் தேதி தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். ஜாலான் பெஞ்சாரா சிறை கட்டப்பட்டது அதற்கு நாற்பத்தேழு ஆண்டு கழித்து. துரைசாமியை 1818இல் பினாங்கில் கர்னல் வெல்ஷ் சந்தித்தார். பாளையக்காரர்களுக்கு எதிரான போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்றவர் அவர். நாடு கடத்தப்பட்டவர்களின் பினாங்கைக் காட்ட வேண்டுமானால் கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அழைத்துப் போங்கள். 1804 முதல் அதைச் செங்கல்லும் கல்லுமாக எழுப்பியது இந்தியக் கைதிகளின் உழைப்பு.

கடைசியாக ஒரு கோரிக்கை. பாரீஸில் பாஸ்டில் சிறை இருந்த இடத்தில் அதன் எல்லையைச் சாலையிலேயே கல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். புடுவிலும் நான்கு கைகளின் கோட்டைத் தரையில் பதிக்கலாம். பேரங்காடித் தரையில் முடியாவிட்டாலும் வெளி நடைபாதையில் கோடு கடக்கும் இடங்களில் முடியும். வாசலருகே சிறையின் தரைத்திட்டத்தோடு கணபதியின் பெயரையும் தாங்கிய விளக்கப் பலகை மலாயிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் தமிழிலும் இருக்க வேண்டும். சங்கங்கள் இதற்கு எழுதும்போது தேசிய மரபுடைமைத் துறை, கோலாலம்பூர் மாநகர் மன்றம், நில மேம்பாட்டாளர் ஆகிய மூவருக்கும் ஒரே நாளில், ஒருவருக்கு எழுதியதன் நகல் மற்றவருக்கும் போகும்படி எழுதுங்கள். தனித்தனியாக எழுதினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி ஓர் இடத்தைத் தேசிய மரபுடைமையாக அறிவிக்க எவரும் முன்மொழியலாம் என்பதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

பலகைக்கான தமிழ் வாசகத்தையும் நாமே எழுதிக் கொடுப்பது நல்லது, அறுபது சொல்லுக்குள். அதைத் தட்டச்சுக் கோப்பாக மட்டும் அனுப்பினால், தமிழ் எழுத்துகளைச் சரியாகச் சேர்க்கத் தெரியாத வடிவமைப்பு மென்பொருளில் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாகச் சிதறி, அப்படியே உலோகத்தில் வெட்டப்பட்டுவிடும். நம் ஊர்ப் பொதுப் பலகைகளில் பார்க்கும் தமிழ்க்கொலைக்குப் பாதிக் காரணம் இதுதான். எழுத்துருவைக் கோடுகளாக மாற்றிய பிடிஎஃப் கோப்பையும், தாளில் அச்சிட்ட படி ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். பலகை வெட்டுமுன் மாதிரிப்படி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒற்றும் புள்ளியும் கொம்பும் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும் என்று கடிதத்திலேயே நிபந்தனை போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்